எனக்குத்தான் புடிபடலீங்க, அம்மணி

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணை. பகல் பதினொரு மணி வெயில். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுருக்குப் பையில் இருந்து போனை எடுத்தார். டெம்பர் கிளாஸில் குறுக்கே ஒரு விரிசல். எழுத்தின் அளவை யாரோ, பேரனாகத்தான் இருக்கும், ஆகப் பெரிதாக வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

நான் போனது ஒரு பால் கணக்குச் செயலியைச் சோதித்துப் பார்க்க. காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை, என்ன விலை, பணம் என்றைக்கு வரும், வந்ததில் யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் எப்படி, எல்லாம் அதில் உண்டு. ஆறு மாதம் கோவையில் ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்தது. எங்கள் திரையில் பட்டன் அழகாக அடியில் இருந்தது. அந்த அம்மாவின் போனில் கீபோர்டு எழும்பியதும் பட்டன் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கீபோர்டை இறக்கினால் பட்டன் தெரியும். ஆனால் அந்தப் பெரிய எழுத்தில் ‘பணம் அனுப்பு’ என்பது ‘பணம் அ…’ என்று பாதியில் நின்றது. நான்கு முறை தொகையை அடித்தார், நான்கு முறையும் வெளியே வந்துவிட்டார். ஐந்தாவது முறை போனை என் பக்கம் நீட்டிவிட்டுச் சிரித்தார்.

“எனக்குத்தான் புடிபடலீங்க, அம்மணி. உங்க ஆப்பு நல்லாத்தான் இருக்குது.”

கொங்குப் பேச்சில் ஆப் ‘ஆப்பு’ ஆகிவிடும். அன்றைக்கு அந்தச் சொல் இரண்டு அர்த்தத்திலும் சரியாகத்தான் இருந்தது.

நான் யூஎக்ஸ் டிசைனர், அதாவது ஒரு செயலியை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று யோசித்துத் திரைகளை வடிவமைப்பவள். பதினாலு வருசமாக இதுதான் சோறு போடுகிறது. வீட்டில் இன்றைக்கும் “கம்ப்யூட்டர்ல ஏதோ படம் வரையறா” என்றுதான் சொல்கிறார்கள், அதில் பெரிய தப்பும் இல்லை. அந்தத் திண்ணைக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடம் போய் எதைச் சோதித்தாலும், அவர்கள் எத்தனை நொடியில் முடித்தார்கள் என்று எழுதுவதற்கு முன்னால், எந்த இடத்தில் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். “எனக்குக் கண்ணு சரியில்ல.” “நான் எட்டாவதுதான் படிச்சேன்.” “பையன் இருந்தா செஞ்சிருவான்.” “அய்யோ, நான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்.” ஒவ்வொன்றும் எங்கள் வேலையில் இருக்கிற ஒரு ஓட்டையின் விலாசம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற பெயரை ஒரு வேலைப் பதவியில் ஒட்டிக்கொண்டு 1993இல் ஆப்பிளில் சேர்ந்த டான் நார்மன், அதற்கும் ஐந்து வருடம் முன்பே இதைத்தான் எழுதினார்: பொருள் சரியில்லாதபோதும் மனிதர்கள் தங்களைத்தான் திட்டிக்கொள்கிறார்கள். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முழிக்க வைக்கிற கதவுக்கு இந்தத் தொழிலில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கதவு விஷயத்திலாவது நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். பணம் அனுப்பும்போது யாரும் சிரிப்பதில்லை.

*

சொல்லில் இருந்து ஆரம்பிக்கிறேன். நான் அதிகம் தோற்றது அங்கேதான்.

அதே செயலியில், அனுப்பிய பணம் நடுவழியில் நின்றால் ‘பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது’ என்று ஒரு வரி வரும். மொழிபெயர்ப்பாளர் தந்த வரி. அகராதிப்படி குற்றம் சொல்ல முடியாது. அதைப் பார்த்த ஒரு பெரியவர் முகம் வெளிறி, “நான் யாருக்கும் ஒண்ணும் பாக்கி வெக்கலீங்களே” என்றார். நிலுவை என்றால் அவருக்குப் பாக்கி. சொசைட்டியில் நிலுவை, கூட்டுறவு பேங்கில் நிலுவை, வரியில் நிலுவை. ஐம்பது வருடமாக அந்தச் சொல் அவர் வீட்டு வாசலுக்குக் கடன் கேட்கத்தான் வந்திருக்கிறது. நாங்கள் அதைப் ‘பொறுங்கள், போய்க்கொண்டிருக்கிறது’ என்ற அர்த்தத்தில் வைத்திருந்தோம்.

பரிவர்த்தனை என்ற சொல்லையும் அந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களிடம் அதைவிட நுட்பமான சொற்கள் இருந்தன. பணம் கணக்குக்கு வந்தால் ‘ஏறிடுச்சு’. எடுத்துக்கொண்டால் ‘புடிச்சுட்டாங்க’. போய்ச் சேராவிட்டால் ‘ஏறல’. மூன்று நிலை, மூன்று சொல், குழப்பமே இல்லை. நாங்கள் பற்று, வரவு, நிலுவை, தோல்வி, செயலாக்கத்தில் என்று ஐந்து வைத்து ஐந்தையும் யாருக்கும் புரியாமல் செய்திருந்தோம்.

மாற்றி எழுதியது இப்படி: ‘உங்கள் கணக்கில் ரூ.500 பிடித்தாகிவிட்டது. அவருக்கு இன்னும் ஏறவில்லை. ஏறாவிட்டால் நாளைக்குள் உங்களுக்கே திரும்பி வரும். மறுபடி அனுப்ப வேண்டாம்.’ நீளம்தான். ஆனால் அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகவே முழு வரியையும் எழுதலாம். பதற்றத்தில் இரண்டாவது முறை அனுப்பிவிட்டு, இரண்டும் போய்ச் சேர்ந்து, பிறகு அதைத் திருப்பிக் கேட்க அலைந்தவர்கள் அந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள்.

‘நாளைக்குள்’ என்பது நான் இஷ்டத்துக்குப் போட்டதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. யூபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் பிடிக்கப்பட்டு அங்கே ஏறாமல் போனால், மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். கடைக்காரருக்குக் கட்டிய பணம் என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு. இது விதி. எத்தனை திரைகளில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்? பணம் நடுவில் நிற்கிற அந்த நிமிடத்தில்தான் ஒரு மனிதருக்கு இந்தத் தகவல் வேண்டும். நாமோ ஒரு மஞ்சள் கடிகாரப் படத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

சொல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் வரைந்து பழகியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. தமிழில் வினைச்சொல் எழுதினால் மரியாதையையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அனுப்பு, அனுப்புக, அனுப்பவும், அனுப்புங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தப்பிக்க வழியில்லை. எழுபது வயதுக்காரரிடம் ஒரு செயலி ‘உள்நுழை’ என்கிறது. ‘கடவுச்சொல்லை உள்ளிடு’ என்கிறது. எங்கள் தாத்தாவாக இருந்தால், “யாரைப் பார்த்துடா?” என்று கேட்டிருப்பார். பயந்து எல்லாவற்றுக்கும் ‘-வும்’ போட்டால், ரயில்வே பிளாட்பாரத்தில் அறிவிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

இதற்கு வழி சொன்னது எங்களோடு வேலை பார்த்த ஒரு சின்னப் பையன், டெவலப்பர். “அக்கா, பட்டனை யார் பேசறாங்க?” என்றான். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பட்டன் என்பது பயனர் போனுக்கு இடும் கட்டளை, அதனால் ‘அனுப்பு’ என்று இருக்கலாம். அங்கே அதிகாரம் மனிதர் கையில். பட்டனுக்கு வெளியே வருகிற வரிகளெல்லாம் போன் மனிதரிடம் பேசுவது, அதனால் ‘நம்பரைச் சரிபாருங்கள்’ என்றுதான் இருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை வைத்து 340 வரிகளை இரண்டு நாளில் பிரித்தோம். அதற்கு முன்னால் நாங்கள் மூன்று வாரம் வாட்ஸாப்பில் சண்டை போட்டிருந்தோம்.

எழுத்தின் அகலம், உயரம் பற்றியும் பேசலாம். சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆங்கில எழுத்துக்கு வைத்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் ‘கீ’யின் கொண்டை வெட்டுப்படும், ‘கு’வின் வால் அறுபடும். எழுத்துக்கு இடையில் அலங்காரமாக இடைவெளி விட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போகும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில் ஏழு குறிகள், புள்ளிகள் தனிக் குறி என்பதால். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து போகும், தமிழில் எழுதினால் 70 குறிதான். எங்கள் செயலியில் ஊர்ப் பெயர்ப் பெட்டிக்கு 16 என்று வரம்பு வைத்திருந்தார்கள். கோபிசெட்டிபாளையம் நம் கணக்கில் ஒன்பது எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 17 குறி. கடைசிப் புள்ளி மட்டும் விழுந்துபோய் ‘கோபிசெட்டிபாளையம’ என்று ரசீது வந்தது. ஆங்கிலத்தில் எழுதினாலும் 17தான் வரும், அப்போதும் மாட்டியிருக்கும். யாரும் சோதிக்கவில்லை. சோதனைக்குப் போட்டிருந்த ஊர் சேலம்.

*

அடுத்து, பெயர். இது என் சொந்தக் கதை.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும், அவ்வளவுதான். சில வருடம் முன்பு ஒரு விமான டிக்கெட் போட உட்கார்ந்தேன். ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்றது சிவப்பு எழுத்து. ஒற்றை எழுத்து இனிஷியலைப் போட்டேன். ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்றது. கடைசியில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். விமானத்தில் ஏறும் வரை நான் செல்வி செல்வி மாதிரி ஏதோ ஒன்றாக இருந்தேன். கவுன்டரில் இருந்த பெண், “உங்க பாஸ்போர்ட் பேர் மேட்ச் ஆகலையே மேடம்” என்றபோது என் வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா? “சாரி.”

டிசைனர்தான் நான். இருந்தும் சாரி.

அமெரிக்க விசாவில் இது வேறு வடிவம் எடுக்கும். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்து, ‘கிவன் நேம்’ என்ற கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அங்கே போன பிறகு பேங்கில், ஆபீஸில், டிரைவிங் லைசென்ஸில் எல்லாம் அந்த மனிதர் ‘எஃப்என்யூ’ ஆகிவிடுவார். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். ஆபீஸில் புதிதாக வந்தவர்கள் அவரை ‘ஃப்னூ’ என்று கூப்பிட, அது ஏதோ வட கிழக்கு மாநிலப் பெயர் என்று நினைத்தவர்கள்கூட உண்டு.

வெளிநாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர் பான் கார்டு விண்ணப்பத்திலும் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியல் ஆகாது, விரித்து எழுத வேண்டும். அதனால் ஆதாரில் ‘செல்வி கே’, பானில் அப்பா பெயரோடு நீட்டிய செல்வி. இரண்டையும் இணைக்கச் சொன்ன காலத்தில் இந்த இரண்டு செல்விகளும் ஒருவரே என்று நிரூபிக்க எத்தனை ஜெராக்ஸ் கடைகள் பிழைத்தன! மனிதர் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. பெட்டிகள்தான் வேறு வேறு.

செய்ய வேண்டியது தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை. உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி, பெயரைப் பிரித்துக் கேட்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள் என்கிறது. பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் கையேடும் முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வைத்தால்தான் அதிகம் பேருக்குப் பொருந்தும் என்கிறது. ஒரே பெட்டி. மேலே, ‘முழுப் பெயர், ஆதாரில் உள்ளபடி’. அடியில், கடிதத்தில் எப்படி அழைக்கட்டும் என்று வேண்டுமானால் இன்னொன்று. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் மீட்டிங்கில் யாராவது, “டேட்டாபேஸ்ல பேருக்கு ரெண்டு கட்டம் இருக்கே” என்பார்கள். அந்த இரண்டு கட்டத்துக்காக ஏழு கோடிப் பேர் தங்கள் அப்பாவைக் குடும்பப் பெயராக ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

மன்னிப்புக் கேட்காதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

வீடியோ மூலம் வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அனுமதி தந்தது. போட்டோவைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, எதிரில் இருப்பவர் உயிருள்ள மனிதர்தான் என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பல இடங்களில் கண்டுபிடித்த வழி, கண்ணைச் சிமிட்டச் சொல்வது. வரைந்தவர்களுக்கு அது மிக எளிய செய்கையாகத் தோன்றியிருக்கும். யார்தான் கண் சிமிட்ட மாட்டார்கள்?

ஆசிட் வீச்சில் இமைகள் சிதைந்த பெண்கள். அவர்களில் ஒருவர் வங்கிக் கணக்குத் தொடங்கப் போய், சிமிட்டவில்லை என்பதால் முடிக்க முடியாமல் நின்றார். பார்வையற்றவர்களுக்கு இன்னொரு விதம்: முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவா என்கிறது திரை, வட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. இவர்கள் யாரும் ‘எனக்குத்தான் வரலை’ என்று திரும்பிப் போகவில்லை. உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது உட்பட இருபது உத்தரவுகள்.

எங்கள் தொழிலில் அணுகல்தன்மை (எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது) என்றால் பெரும்பாலும் கடைசி ஸ்பிரின்ட்டில், அதாவது கடைசிக் கட்ட வேலையில், நேரம் மிஞ்சினால் செய்வது. சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து போடாதே, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும், விரல் படும் இடத்தை 24 பிக்சலுக்குக் கீழே குறைக்காதே என்று 2023 அக்டோபரில் வந்த சர்வதேச வழிகாட்டியில் எண்ணோடு எழுதியிருக்கிறது. நேரம் மிஞ்சுவதில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு மாற்றம் பார்த்தேன்: மீட்டிங்கில் இந்தப் பேச்சை எடுத்தால் இப்போது சட்டப் பிரிவில் இருந்தும் ஒருவர் வந்து உட்காருகிறார். அறம் சொல்லி வராதவர்கள் அபராதம் சொல்லி வருகிறார்கள். வந்தால் சரி.

யூபிஐ கதையும் இதே ரகம். 2016 ஏப்ரலில் அது வந்ததில் இருந்து, யாரும் யாரிடமும் ‘எனக்குப் பணம் அனுப்பு’ என்று கோரிக்கை அனுப்பலாம். கொடுப்பவர் பின் நம்பர் போட்டால் பணம் போய்விடும். மோசடிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். “உங்களுக்குப் பரிசுப் பணம் வந்திருக்கு, பின் போட்டா ஏறிடும்.” பின் போட்டதும் ஏறாது, இறங்கும். இத்தனை வருடமும் இதற்கு மருந்து என்று சொல்லப்பட்டது விழிப்புணர்வு. ‘பணம் பெற பின் தேவையில்லை’ என்று குறுஞ்செய்தி, போஸ்டர், ரேடியோ விளம்பரம். ஏமாந்தவர் போலீஸில் தலைகுனிந்து நிற்பார், “படிச்சவர்தானே நீங்க?” என்று கேள்வி வேறு. கடைசியில் தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1ஆம் தேதியில் இருந்து, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ எடுத்துவிட்டது. ஒன்பது வருடம் மக்களுக்குப் பாடம் நடத்திய பிறகு, கதவை அடைத்தார்கள். நான் இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை, அடைத்தது நல்ல வேலை. எனக்கு உறுத்துவது அந்த ஒன்பது வருடத்துச் சாரிகள்.

*

இதுவரை சொன்னது தெரியாமல் செய்தது. தெரிந்தே செய்வதும் உண்டு. நானும் செய்திருக்கிறேன்.

எட்டு வருடம் முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் காப்பீட்டுக்கு ஒரு டிக் பெட்டி வைக்கச் சொன்னார்கள். முன்கூட்டியே டிக் போட்டு வை என்றார்கள். வைத்தேன். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கு என்றார்கள். ஆக்கினேன். அந்த மாதம் காப்பீடு எடுத்தவர்கள் எண்ணிக்கை எகிறியது, ஸ்கிரீனில் கிராஃப் போட்டுக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இரண்டு மாதம் கழித்து என் சித்தி போன் பண்ணினாள்: “டிக்கெட்டுக்கு எழுவது ரூவா கூடப் போயிருக்கு கண்ணு, நான்தான் எதையோ பாக்காம அமுக்கிட்டேன் போல.” ஆமா சித்தி, பார்த்து அமுக்குங்க என்றேன். நான் செய்ததிலேயே கேவலமான வேலை அந்தப் பெட்டி இல்லை, அந்தப் பதில்.

2023 நவம்பர் 30 அன்று இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கூடையில் பொருளைத் திணிப்பது, கடைசித் திரையில் கட்டணத்தைக் கூட்டுவது, இன்னும் இரண்டே அறை பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர்வதற்கு ஒரு கிளிக்கும் விலகுவதற்கு ஒன்பது கிளிக்குமாக வைப்பது. எனக்கு அதில் மிகவும் கூசுவது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது. காப்பீடு வேண்டாமென்றால் ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்ற பட்டனை அமுக்க வைப்பது. மன்னிப்பு வாசகத்தை நாமே எழுதிக் கொடுத்து, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வது அது.

அமெரிக்காவில் அமேசான் பிரைமை ரத்து செய்யும் வழியை உள்ளே இருந்தவர்களே ‘இலியட்’ என்று பெயரிட்டிருந்தது வழக்கில் வெளிவந்தது. அவ்வளவு நீளம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயர் அது. ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் தொடுத்த அந்த வழக்கு, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. பெயர் வைத்த நாளில் அந்த அறையில் சிரிப்பு எழுந்திருக்கும். நான் கை தட்டிய அறை மாதிரித்தான் அதுவும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

இப்போது புதுத் தலைவலி, செயற்கை நுண்ணறிவு. ஒரு வரி எழுதினால் பத்துத் திரை வரைந்து தருகிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பட்டனை ஐந்து பிக்சல் நகர்த்தியே வயசாகிவிட்டது, நகர்த்தட்டும். ஆனால் சோதனைக்கு மனிதரே வேண்டாம், ‘ஐம்பத்தெட்டு வயது, கிராமம், இரண்டு மாடு’ என்று சொன்னால் அந்த ஆளாகவே நடித்துக் கருத்துச் சொல்லும் என்கிறார்கள். ஆர்வத்தில் செய்து பார்த்தேன். அழகான பத்தியில், ‘எழுத்துகள் சற்றுப் பெரிதாக இருந்தால் நன்று, வழிசெலுத்தல் எளிமையாக உள்ளது’ என்றது. தப்பில்லாத பேச்சு. ஆனால் அதன் டெம்பர் கிளாஸில் விரிசல் இல்லை. கை ஈரமாக இல்லை. நான்கு முறை தோற்றுவிட்டுப் போனை நீட்டவில்லை. குறிப்பாக, அது ஒரு முறைகூடத் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவில்லை. நோட்டில் எழுத எதுவுமே கிடைக்காத ஒரே சோதனை அதுதான்.

ஆயிரம் பேர் வேண்டும் என்றும் இல்லை. ஐந்து பேரிடம் பார்த்தாலே பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும் என்று இந்தத் தொழிலின் மூத்த ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். அதை விவாதிக்கிறவர்கள் இன்னும் உண்டு. என் அனுபவத்தில் மூன்றாவது ஆளிலேயே எனக்கு வியர்த்துவிடும். ஐந்து பேர் என்பதைவிட, அவர்கள் யார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம். ஆபீஸுக்கு வரவழைத்துப் பளபளப்பான போனைக் கையில் கொடுத்தால் அது சோதனை இல்லை, உபசாரம். அவர்களுடைய போன், அவர்களுடைய சிக்னல், அவர்கள் வீட்டு வெளிச்சம்.

நம்மவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: “நல்லாருக்கா?” வீட்டுக்கு வந்த பெண்பிள்ளை, மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் யாராவது நல்லாயில்லை என்பார்களா? “ரொம்ப நல்லாருக்குங்க” என்று பத்துக்குப் பத்து வரும். நான் அதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, “இவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுங்க” என்பேன். அங்கேதான் உண்மை வெளியே வரும். “இந்தப் பச்சையை அமுக்கு. இதுல என்னமோ எழுதிருக்கும், அதைக் கண்டுக்காத. அந்த ரவுண்டு சுத்தி முடிக்கிற வரைக்கும் கை வெக்காத, அது கோவிச்சுக்கும்.” எந்த அறிக்கையிலும் இவ்வளவு சுத்தமாக ஒரு செயலியின் குறையை யாரும் எழுதித் தந்ததில்லை.

பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். விரல் தவறான இடத்தை நோக்கிப் போகும்போது நம் கை தானாக நீளும். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள்வேன். பார்க்கிறவர்களுக்கு, இந்தப் பொண்ணுக்குக் குளிருதா என்று தோன்றும்.

அந்தத் திண்ணைக்கு ஒன்றரை வருடம் கழித்து மறுபடி போனேன். செயலி மூன்று முறை மாறியிருந்தது. கீபோர்டுக்கு மேலே பட்டன் வந்திருந்தது, ‘நிலுவை’ போயிருந்தது, வரிகள் வெட்டுப்படவில்லை. நான் கொஞ்சம் பெருமையோடுதான் படியேறினேன். அந்த அம்மா போனைத் திருப்பி, பின்னால் உறைக்குள் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம். பேரன் வரைந்து கொடுத்தது. முதலில் ஒரு பச்சைக் கட்டம், அம்புக்குறி, பிறகு எண்கள், அம்புக்குறி, மறுபடி பச்சை. அவர் இதை வைத்துத்தான் ஒரு வருடமாக மகளுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாற்றத்தில், பிராண்டு நிறம் என்று சொல்லி, நாங்கள் பட்டன்களை நீலமாக்கியிருந்தோம்.

காகிதத்தை என் மடியில் வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“பச்சையை எங்க அம்மணி கொண்டு போய் வெச்சீங்க?”